மேலே இருக்கிறவரின் வயிறு

எங்கள் தெருமுனையில் எழும்புகிற கட்டடத்தின் கிரேன்காரர் உண்ணாவிரதம் இருக்கிறார் என்ற செய்தி தேநீர்க் கடையில்தான் முதலில் காதில் விழுந்தது. சம்பளத்தை உயர்த்தும்வரை ஒரு பருக்கைகூட வாயில் வைக்கமாட்டேன் என்று முப்பது மாடி உயரத்தில் உட்கார்ந்துகொண்டு பச்சைத் தண்ணீர் மட்டும் குடிக்கிறாராம். பக்கத்து முடிதிருத்தகத்துக்குப் போவதற்குள் சம்பளம் போய்ச் சம்சாரம் வந்திருந்தது: வீட்டில் சண்டை, அவள் கட்டிக்கொடுக்கும் டப்பாவைத் திறப்பதில்லை என்று சபதமாம். சலவைக்கடையில் மூன்றாவது பதிப்பு தயாராக இருந்தது. அவர் எடை கூடிவிட்டதால் கிரேன் தாங்காது, இளைத்துவிட்டு வா என்று கம்பெனி சொல்லிவிட்டதாம். டன் கணக்கில் இரும்பைத் தூக்குகிற கிரேன் ஒரு மனிதரின் தொப்பையைத் தாங்காதா என்று அங்கே யாரும் கேட்கவில்லை. சுவையான செய்தியைக் கேள்வி கேட்டுக் கெடுக்கிற பழக்கம் எங்கள் தெருவில் கிடையாது.

மூன்று பதிப்புக்கும் பொதுவாக ஒன்றே ஒன்று இருந்தது. காலையில் அவர் சாப்பாட்டு டப்பாவோடு ஏறுகிறார். சாயங்காலம் அதே கனத்தோடு டப்பா இறங்குகிறது. வதந்தியில் அபூர்வமாக இப்படி ஓர் உண்மை ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்துக்கொண்டு விசாரிக்கப் போனேன்.

வாசல் காவலாளி தலைக்கவசத்தைக் கழற்றி விசிறிக்கொண்டிருந்தார்.

"யாரைப் பாக்கணும்?"

"கிரேன்காரரை."

"மேலே இருக்கிறவரையா? அவரை நாம நினைச்ச நேரத்துல பாக்க முடியாதுங்க. அவரா மனசு வெச்சு இறங்கி வரணும்."

"உண்ணாவிரதம்னு சொல்றாங்களே?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா இறங்கினா அந்தப் பக்கம்தான் ஓடுவாரு," என்று மூலையில் நின்ற நீலநிற பிளாஸ்டிக் கழிவறையைக் கைகாட்டினார். "விரதம் இருக்கிறவரு அங்க எதுக்குங்க ஓடணும்?"

கட்டடம் எழும்புகிற அந்த இடத்தில் அவரை எல்லோரும் 'மேலே இருக்கிறவர்' என்றுதான் குறிப்பிடுவார்கள். மழை வருமா என்று கேட்டால் "மேலே இருக்கிறவரைக் கேளு" என்பார்கள். கேட்டால் வயர்லெஸ்ஸில் பதிலும் வரும். கம்பிக்கட்டு எப்போது வரும் என்றால் "மேலே இருக்கிறவர் மனசு வைக்கணும்." நாள் முழுக்க இத்தனை பேர் அண்ணாந்து பார்த்துக் கெஞ்சுகிற மனிதருக்கு, இறங்கி வந்தபின் உட்கார ஒரு சிமென்ட் மூட்டைதான் கிடைத்தது. அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள்; தொப்பைப் பதிப்பு அந்த இடத்திலேயே செத்தது. இருபது வருடமாகக் கிரேன் அறையின் கண்ணாடித் தரை வழியாகக் கீழேயே பார்த்துப் பழகியதால், பேசும்போதும் எதிரில் இருப்பவரின் காலைப் பார்த்துத்தான் பேசினார்.

"உண்ணாவிரதமா? யாருங்க சொன்னது? சாப்பாடுன்னா எனக்கு உயிருங்க. ரெண்டு வருஷம் முன்னாடி வரைக்கும் நான் சாப்பிட்ட டப்பாவைக் கழுவவே வேண்டியதில்லைன்னு வீட்ல சொல்லுவாங்க."

"இப்போ?"

"இப்போ டப்பா என்னைப் பாக்குது, நான் டப்பாவைப் பாக்குறேன். சாயங்காலம் வரைக்கும் அப்படியே ஓடிடுது."

அந்த டப்பாவை அப்போது காலி செய்துகொண்டிருந்தவர், அவருக்கு மாற்றாகக் கிரேன் ஏறத் தகுதி பெற்ற இளைஞர். மேலே இருக்கிறவருக்கு அடுத்து இவர்தான் என்பதால் இவர் பெயர் 'அடுத்தவர்'. மாற்று வேலை இல்லாத நேரத்தில் கீழே கம்பிக்கட்டுக்குச் சங்கிலி மாட்டுவார். வாயில் உணவோடு சொன்னார்: "அண்ணே, அண்ணிகிட்ட கொஞ்சம் உப்புப் போடச் சொல்லுங்க. வேகவெச்ச காயைத் தின்னு தின்னு நான்தான் நோயாளி மாதிரி ஆயிட்டேன்."

விஷயம் இதுதான். சாப்பிட்டுச் சற்று நேரத்தில் வயிறு உப்பும், சட்டைப் பொத்தான் இழுபடும். பிறகு உள்ளே யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கு. பிறகு ஓட்டம். எல்லா நாளும் இப்படி இல்லை. எந்த நாள் என்று முன்கூட்டிச் சொல்லவும் முடியாது. கூடவே வாய்ப்புண்ணும், தூங்கி எழுந்தாலும் தீராத அசதியும். தரையில் வேலை பார்ப்பவருக்கு இது ஒரு சங்கடம், அவ்வளவுதான். இவருடைய கிரேன் அறையோ ஏறக்குறைய ஒரு கழிவறை அளவு. கழிவறையின் மற்ற வசதிகள் எதுவும் அதில் இல்லை. சின்னதுக்கு ஒரு பாட்டில் உண்டு. பெரியதுக்கு இறங்கித்தான் தீரவேண்டும். நெடுக இரும்பு ஏணி. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கவேண்டும் என்பது பாதுகாப்பு விதி. வயிற்றைப் பிடிக்க மூன்றாவது கை வேண்டும். கம்பெனி அதைத் தருவதில்லை.

ஒருநாள் மேல்தளத்தில் காங்கிரீட் போடும்போது அது வந்தது. கலவை லாரிகள் வாசலில் வரிசை கட்டி வயிற்றை உருட்டிக்கொண்டு நின்றன. இவர் தொங்கிய கலவைத் தொட்டியைப் பத்திரமாக இறக்கி வைத்தார், பூட்டினார், எழுந்தார். கீழே கைகாட்டுகிற சிக்னல்காரர் வயர்லெஸ்ஸில் கூப்பிட்டார்.

"அண்ணே, தொட்டி ஏன் நின்னுடுச்சு? அண்ணே? எங்க கிளம்பிட்டீங்க?"

"கீழே."

"எதுக்கு?"

"சொல்ற மாதிரி இல்லப்பா."

அந்த வயர்லெஸ்ஸைக் கட்டடம் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் போய்த் திரும்பி ஏறி உட்காருவதற்குள் ஒரு லாரிக் கலவை இறுகிப்போயிற்று. அன்றிலிருந்து வேலை நேரத்தில் வாயில் எதையும் வைப்பதில்லை. ஆனால் வெறும் வயிற்றோடு உட்கார்ந்தால் பிற்பகலில் கை நடுங்கியது. கிரேன்காரரின் கை நடுங்கினால் கீழே இருப்பவர்களின் உயிர் நடுங்கவேண்டும்.

மேற்பார்வையாளர் அவரைக் கூப்பிட்டு, "அண்ணே, எனக்கு உங்கமேல தனி மரியாதை உண்டு," என்று ஆரம்பித்தார். அப்படி ஆரம்பித்தாலே வயிற்றில் புளியைக் கரைக்கும். ஏற்கெனவே அங்கே இடமில்லை.

"மாத்து ஆளை எப்பவும் தயாரா நிறுத்தி வைக்கணும்னா மேலிடத்துல காரணம் கேப்பாங்க. என்ன வியாதின்னு பேர் போட்டு டாக்டர் லெட்டர் வாங்கிட்டு வாங்க. இல்லேன்னா ஸ்டோருக்குப் போயிடுங்க. நட்டு போல்ட்டு எடுத்துக் கொடுக்கிற வேலைதான். பக்கத்துலயே பாத்ரூம்."

ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் கிடையாது. ஊரையே உள்ளங்கையில் வைத்துப் பார்த்த மனிதர், நட்டு இருக்கிற தட்டைப் பார்த்துக்கொண்டு ஓய்வு பெறவேண்டும். அன்றைக்கு அவருக்குக் குணமாவதுகூட இரண்டாம்பட்சம் ஆகிவிட்டது. வேண்டியது ஒரு பெயர். டாக்டர் கையெழுத்தில், புரியாவிட்டாலும் பரவாயில்லை.

முதல் டாக்டர் நிமிர்ந்து பார்க்காமலே பெயர் வைத்தார்: கேஸ். மாத்திரை தின்றால் போகும். மாத்திரை போயிற்று, கேஸ் போகவில்லை. இரண்டாவது டாக்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"எங்க வேலை பாக்குறீங்க?"

"கிரேன்ல டாக்டர்."

"அதான். உயரம். பயம். டென்ஷன்."

"மேலே இருந்தா எனக்குப் பயமே இல்ல டாக்டர். கீழே வந்தாத்தான்."

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றார் டாக்டர். எதைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை.

மூன்றாவது டாக்டர் நல்லவர். ரத்தம் எடுக்கச் சொன்னார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். தேதி கிடைக்க இரண்டு மாதத்துக்குமேல் ஆனது. வந்த முடிவு: நார்மல். எல்லாம் சாப்பிடலாம் என்றார். அன்று இரவே கிரேன்காரர் ரொட்டியும் முட்டையும் பாலுமாக ஒரு கை பார்த்தார். மறுநாள் வயிறு அவரை ஒரு கை பார்த்தது. இப்படியே இன்னும் இரண்டு தடவை: மறுபடியும் தேதி, மறுபடியும் காத்திருப்பு, மறுபடியும் நார்மல்.

இதற்கிடையில் மச்சான் ஒரு வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு ஒரு மச்சான் இருந்தால் போதும், மருத்துவக் கல்லூரியே தேவையில்லை. தலையிலிருந்து நான்கு முடியைப் பிடுங்கி அனுப்பினால் எந்தெந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று அக்குவேறு ஆணிவேறாகச் சொல்லிவிடுவார்களாம். இருக்கிற கொஞ்சத்தில் நான்கு போயிற்று. வண்ண வண்ணமாகப் பதில் வந்தது. அதில் சொன்ன பாதிப் பொருட்களை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

"சிப்பி ஆகாதாம் மாமா," என்றார் மச்சான்.

"நான் எப்படா சிப்பி தின்னேன்?"

"பாத்தீங்களா, ஏற்கெனவே கடைப்பிடிச்சுட்டுத்தான் இருக்கீங்க. பாதி வேலை முடிஞ்சுது."

மூன்றாவது நார்மல் வந்த அன்று அவர் மனைவி, "நல்லதுதானேங்க," என்று சொல்லிவிட்டாள். அவள் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று சொல்கிற ஆளை நம்பித்தான் அவள் தொழிலே நடக்கிறது. இருந்தும் சொல்லிவிட்டாள்.

"எதுடி நல்லது? வலிக்குதுன்னா மாத்திரை கொடுப்பான். நார்மல்னு சொல்லிட்டா என்ன கொடுப்பான்? பொய் சொல்றேன்னு அர்த்தம்."

"யாரும் அப்படிச் சொல்லலையே."

"காகிதம் சொல்லுதே."

"சரி, ஒத்துக்காததை நிறுத்திடுங்க, விட்டுது."

"எதைன்னு சொல்லு, இந்த நிமிஷமே நிறுத்துறேன்."

அன்று இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை. முடிதிருத்தகப் பதிப்புக்கு அடிப்படையாக இந்த ஒரு நாள் மட்டும் உண்டு.

பெரிய ஆஸ்பத்திரியின் வயிற்று நிபுணரைப் பார்க்கத் தேதி வாங்கிவிட்டுக் காத்திருந்த சமயத்தில்தான் நான் அவரைச் சந்தித்தது. மீதியில் பெரும்பகுதி அந்தத் தம்பதி சொல்லக் கேட்டது.

நிபுணர் ஒரு பெண்; சுருக்கமாகப் பேசுபவர். பழைய முடிவுகளை வரிசையாக மேசையில் பரப்பிப் பார்த்தார். பிறகு, அதுவரை யாரும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"இந்த டெஸ்டுக்கெல்லாம் முன்னாடி என்ன சாப்பிட்டுட்டு இருந்தீங்க?"

கிரேன்காரருக்கு முகம் மலர்ந்துவிட்டது. கடைசியில் தம் ஒழுக்கத்தை விசாரிக்க ஓர் ஆள்.

"சுத்தமா இருந்தேன் டாக்டர். தேதி கொடுத்த அன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்திடுவேன். ரொட்டி, பிஸ்கட், பால், முட்டை, எண்ணெய், எதுவும் தொடமாட்டேன். சோறும் வேகவெச்ச காயும்தான். டெஸ்ட் முடியுற வரைக்கும்."

"மூணு தடவையும் அப்படியா?"

"மூணு தடவையும். இப்பவும் உங்களைப் பாக்க வர்றதுக்காக அப்படித்தான்."

"யார் அப்படி இருக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. டெஸ்டுன்னா அப்படித்தானே டாக்டர் வரணும்?"

மனைவி குறுக்கே புகுந்தாள். "இவர் கிரேனையும் இப்படித்தான் டாக்டர் காட்டுவாரு. வருஷத்துக்கு ஒரு தடவை இன்ஸ்பெக்டர் வருவாரு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடியே கிரீஸ் போட்டு, போல்ட்டை முறுக்கி, நைஞ்ச கயித்தை மாத்தி, பெயின்ட் அடிச்சு வெச்சிருப்பாரு. இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்லை யாரும்."

"இன்ஸ்பெக்டர் வர்றப்ப பழுது இருந்தா அது நமக்குத்தான் அசிங்கம் டாக்டர்," என்றார் அவர், தன்னடக்கத்தோடு.

நிபுணர் பேனாவைக் கீழே வைத்தார். கோதுமை உள்ளே போனால் குடல் சண்டை போடுகிற ஒரு வியாதி உண்டு. அந்தச் சண்டையின் தடயத்தைத்தான் ரத்தத்தில் தேடினார்கள். எதிராளியை மாதக்கணக்கில் ஊருக்கு அனுப்பிவிட்டு, இங்கே சண்டை நடக்கிறதா என்று ரத்தத்தைக் கேட்டால் ரத்தம் என்ன சொல்லும்?

"அப்போ நான் என்ன செய்யணும்?"

"சாப்பிடணும். தினமும் ரொட்டி. ஆறு வாரம். அதுக்கப்புறம் ரத்தம் கொடுங்க."

"வயித்தால போகுமே டாக்டர்."

"போகும்."

"ஒரு லீவ் லெட்டராவது..."

"எந்த வியாதிக்குன்னு எழுதுறது?"

இந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கிரேன்காரர் மேற்பார்வையாளரிடம் போனார்.

"லெட்டர் எங்க அண்ணே?"

"லெட்டர் வரணும்னா ரொட்டி சாப்பிடணுமாம்."

"சாப்பிட்டா இறங்குவீங்க. இறங்கினா வேலை நிக்கும். சாப்பிடாதீங்க."

"சாப்பிடலேன்னா லெட்டர் வராது."

"லெட்டர் வரலேன்னா ஸ்டோர்தான்."

"அதுக்குத்தான் சாப்பிடறேங்கிறேன்."

கிரேன்கூட ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே இருந்தால் கேபிள் முறுக்கிக்கொள்ளும் என்று தானாக நின்றுவிடும். இந்தப் பேச்சுக்கு அப்படி ஒரு கருவி பொருத்தப்படவில்லை. கடைசியில் மேற்பார்வையாளர், "நான் எதையும் பாக்கல," என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்க்கப் போனார். அவரால் கொடுக்க முடிந்த அதிகபட்ச அனுமதி அது.

அடுத்தவர் முன்வந்தார். அவர் ஏணியடியிலேயே வேலையை வைத்துக்கொள்வார். வயர்லெஸ்ஸில் "காத்து மாறுது" என்று மேலே இருந்து குரல் வந்தால் உடனே ஏறத் தொடங்குவார். இவர் இறங்க, அவர் ஏற, நடுவில் சந்திப்பார்கள். வேலை நிற்கிற நேரம் பாதியாகக் குறையும். அந்த ஆறு வாரத்தில் அந்த இடத்தில் காற்று மாறியதுபோல் வேறெங்கும் மாறியிருக்காது. டப்பாவில் ரொட்டி இருப்பதைத் தேநீர்க் கடை கண்டுபிடித்து, உண்ணாவிரதம் வெற்றி, சம்பளம் கூடிவிட்டது என்று அறிவித்தது. இரண்டு கொத்தனார்கள் தங்களுக்கும் கூட்டச் சொல்லி மேற்பார்வையாளரிடம் போய் நின்றார்கள்.

கிரேன்காரர் ரொட்டி தின்பதை ஒருநாள் பார்த்தேன். கசப்பு மருந்தை விழுங்குகிற முகத்தோடு, கடித்து, மென்று, தண்ணீர் குடித்து உள்ளே தள்ளினார். "விஷம்னு தெரிஞ்சே தின்னு, விஷம்தான்னு நிரூபிக்கணும். கொலைகாரனுக்கே இந்தச் சிரமம் கிடையாதுங்க," என்றார். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. பெல்ட்டில் ஒரு புதுத் துளை.

நான்காவது வாரத்தில் ஒரு பிற்பகல், ஏணியின் நடுவே இருக்கிற இளைப்பாறும் தட்டில் இரண்டு பேரும் எதிரெதிரே வந்தார்கள். ஒருவர் ஒதுங்கினால்தான் மற்றவர் போகமுடியும். அடுத்தவர் ஒதுங்கவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும்."

"வழி விடுடா."

"விடறேன். மொட்டை மாடிக்குத் தண்ணித் தொட்டி வருதில்ல, அந்தக் கடைசித் தூக்கு எனக்குக் கொடுங்க."

ஒரு கட்டடத்தின் கடைசிப் பாரத்தை எந்தக் கிரேன்காரர் ஏற்றி வைக்கிறாரோ, அந்தக் கட்டடம் அவருடையது என்பது அந்தத் தொழிலில் பேச்சு. படம் எடுப்பார்கள். பேரப்பிள்ளைக்குக் காட்டலாம். இவர் ஏற்றி வைத்த எந்தக் கட்டடத்திலும் அதை இதுவரை யாருக்கும் விட்டதில்லை.

"இதை இப்பத்தான் கேப்பியா?"

"இப்பக் கேட்டாத்தான் மாட்டேன்னு சொல்லமாட்டீங்க."

"எடுத்துக்கோ."

"நிஜமாவா அண்ணே?"

"தொட்டி, கட்டடம், என் சொத்து, எல்லாத்தையும் எடுத்துக்கோடா. காலை நகர்த்து."

ஆறு வாரம் முடிந்து ரத்தம் கொடுத்தார். முடிவைப் பார்த்து நிபுணர் முதல்முறையாகச் சிரித்தார்.

"நல்லா ஏறியிருக்கு."

"நார்மல் இல்லையா டாக்டர்?"

"கொஞ்சம்கூட இல்லை."

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பரீட்சையில் பிள்ளை தேறின வீட்டில் அப்படிப் பார்த்துக்கொள்வார்கள். "அப்போ பேரை எழுதிக் கொடுத்துடுங்க," என்றார் இவர்.

"எழுதுறதுக்கு முன்னாடி உறுதிப்படுத்தணும். வாய்வழியா குழாய் விட்டு, குடல்ல ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணும். அதுக்குத் தேதி வாங்கிக்கோங்க."

தேதி, கட்டடத் திறப்பு விழாவுக்கு அப்பால் விழுந்தது.

"அதுவரைக்கும் ரொட்டியை..."

"நிறுத்தாதீங்க. நிறுத்தினா குடல் ஆறிடும். ஆறிட்டா ஒண்ணும் தெரியாது."

ஆறிவிடக்கூடாது என்று ஒரு டாக்டர் கவலைப்பட்டதை அன்றுதான் கேட்டதாக மனைவி சொன்னாள். கையில் கிடைத்த கடிதத்தில் 'சந்தேகிக்கப்படுகிறது, உறுதி செய்யவேண்டும்' என்று இருந்தது. மேற்பார்வையாளர் அதை இரண்டு முறை படித்தார்.

"எனக்கும் ரெண்டு வருஷமா சந்தேகம்தான் அண்ணே. இதுக்கா டாக்டர்?"

இருந்தாலும் மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடம் என்றால் கிரேன் அறை இல்லை. கண்ணாடிக் கதவு போட்ட அலுவலகம். அங்கிருந்து பதில் வந்தது: ஊழியர் பரிசோதனையில் இருப்பதால், முடிவு தெரியும்வரை அவரை இடம் மாற்றக்கூடாது, மாற்று ஆளைத் தயாராக நிறுத்தவும். பெயர் கிடைத்தால்தான் கிரேன் நாற்காலி என்று நாய் படாத பாடு பட்டார். பெயர் கிடைக்காததால் நாற்காலி தங்கிவிட்டது. பெயர் கிடைத்த பிறகு என்ன செய்வார்கள் என்று கேட்டேன். "அதைத் தெரிஞ்சுக்கிற அளவுக்கு எனக்கு வயிறு தாங்காதுங்க," என்றார். தினமும் காலையில் இரண்டு துண்டு ரொட்டி தொடர்கிறது. "தின்னாச்சா?" என்று மனைவி எரிச்சலோடு கேட்கிறாள், "தின்னாச்சு," என்று இவர் அதைவிட எரிச்சலோடு சொல்கிறார்.

தண்ணீர்த் தொட்டி போன வாரம் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் உறை சுற்றி வாசலருகே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காற்று அடங்கினதும் ஏற்றவேண்டும். அடுத்தவர் தினமும் அதன்மேல் படிகிற தூசியைத் துடைத்துவிட்டு, துடைத்தது தெரிகிற மாதிரி துணியை அதன்மேலேயே போட்டுவிட்டுப் போகிறார்.

நேற்று கிரேன்காரர் ஏணியின் முதல் படியில் காலை வைத்தபடி அடுத்தவரிடம் பேச்சை எடுத்தார். "அன்னிக்கு நடுத்தட்டுல சொன்னது நான் சொன்னது இல்லப்பா. என் வயிறு சொன்னது."

"வயிறு உங்களோடதுதானே அண்ணே."

இவர் அடுத்தவரின் காலைப் பார்த்தபடியே, காற்று எப்படி இருக்கிறது என்று சிக்னல்காரரைக் கேட்டார். காற்று இன்னும் அடங்கவில்லை, இன்றைக்குத் தொட்டி ஏற்றமுடியாது என்று பதில் வந்தது. சரி என்று ஏறத் தொடங்கினார்.